நாலு பேரும் ஒரு மெஷினும்

1992-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அறை நண்பன் தொண்ணூறு நிமிஷ கேஸட் ஒன்றைக் கையில் கொடுத்து, "யூ2-வோட புது ஆல்பம். கேட்டுட்டு பத்திரமா திருப்பிக் குடு. போன தடவை மாதிரி அது மேல உங்க சித்தப்பா கல்யாணத்தை ரெக்கார்ட் பண்ணிடாதே" என்றான்.

டூ-இன்-ஒன்னில் போட்டேன். தகர டின்னைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு கிடார். காலி டிரம்மை யாரோ எட்டி உதைக்கிற மாதிரி ஒரு தாளம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் வந்தது. மழை நாளில் வந்த டிரங்க் கால் போல, பாதி கரகரப்பு, பாதி ஆள்.

டேப் ஹெட்டில் அழுக்கு என்று முடிவு செய்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். அதே சத்தம். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்குமே, விஷயம் தெரிந்தவர்கள் தொடவே கூடாது என்று சொல்வார்களே, அதையும் திருகிப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை.

மறுநாள் கேஸட்டைத் திருப்பிக் கொடுத்து, "டேப் போயிடுச்சுடா" என்றேன்.

"போகலை. பாட்டே அதான்."

பல வருஷம் கழித்துத்தான் முழு விவரமும் தெரிந்தது. முதல் பாட்டைக் கேட்கிறவன் 'ரெக்கார்டு கெட்டுப் போச்சு' என்றோ, 'கடைக்காரன் வேற ஏதோ ஆல்பத்தை மாத்திக் குடுத்துட்டான்' என்றோ நினைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குழுவின் திட்டமாம். உலகத்தில் வேறு யாரிடம் பலித்ததோ தெரியாது, என்னிடம் நூற்றுக்கு நூறு பலித்தது. ஸ்க்ரூ மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் அந்த டூ-இன்-ஒன்னில் சுப்ரபாதம்கூடக் கம்பளிக்குள்ளிருந்துதான் கேட்டது.

ஆல்பத்தின் பெயர் 'அக்டுங் பேபி'. 1991 நவம்பரில் வந்தது. இப்போது ஏன் அதைப் பற்றி என்கிறீர்களா? காரணம், எதிர் வீட்டுப் பையன்.

*

பையன் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். போன வாரம் முகம் தொங்கிப் போய் வந்து உட்கார்ந்தான்.

"அங்கிள், எங்க ஆபீஸ்ல ஏ.ஐ. கொண்டாந்துட்டாங்க. நான் நாலு மணி நேரம் மல்லுக்கட்டற ஸ்டேட்மென்ட்டை நாலு நிமிஷத்துல துப்பிடுது. என்னோட சேந்தவங்கள்ல ரெண்டு பேர் 'சூப்பர், சூப்பர்'னு குதிக்கறாங்க. எனக்கு வயித்தைக் கலக்குது. நாளைக்கு நான் எதுக்கு?"

இந்த மாதிரிக் கேள்விக்கு 'காலத்தோடு ஒத்துப் போ தம்பி' என்று சொல்வது சுலபம். சொல்கிறவருக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தால் இன்னும் சுலபம். நான் அப்படிச் சொல்லவில்லை. "லாரி முல்லன் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எந்த ப்ராஞ்ச்?"

கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

*

1976, அயர்லாந்தின் டப்ளின் நகரம். மவுண்ட் டெம்பிள் என்ற பள்ளிக்கூடத்தின் நோட்டீஸ் போர்டில் பதினாலு வயசுப் பையன் ஒருவன், இசைக் குழு தொடங்க ஆட்கள் வேண்டும் என்று சீட்டு ஒட்டுகிறான். அவன்தான் லாரி முல்லன். வாசிப்பது ட்ரம்ஸ். சீட்டைப் பார்த்து வந்தவர்கள் லாரி வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். கிடாருக்கு டேவிட் எவன்ஸ், பிற்பாடு 'எட்ஜ்' ஆனவர். பேஸ் கிடாருக்கு ஆடம் கிளேட்டன். பாட வந்தவர் பால் ஹ்யூஸன், பிற்பாடு 'போனோ'. 'முதல் பத்து நிமிஷம் அது லாரி முல்லன் பேண்ட்தான், அதுக்குள்ள போனோ வந்துட்டான்' என்கிற பொருளில் லாரியே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். எல்லா ஆபீஸிலும் இப்படி ஒரு போனோ உண்டு. கடைசியாகச் சேருவார், முதல் நாற்காலியில் உட்காருவார்.

பதினோரு வருஷத்தில் அந்த நாலு பேரும் எங்கேயோ போய்விட்டார்கள். 1987-ல் வந்த 'ஜோஷுவா ட்ரீ' அவர்களை உலகத்தின் உச்சாணிக் கொம்பில் ஏற்றியது. அடுத்த வருஷமே 'ராட்டில் அண்ட் ஹம்' என்று ஒரு படமும் ஆல்பமும் எடுத்தார்கள். அமெரிக்காவின் பழைய இசை மேதைகள் வரிசையில் தங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறார்கள் என்று விமரிசகர்கள் கிழித்துவிட்டார்கள். 1989 கடைசியில் டப்ளின் மேடையில் நின்று போனோ, கொஞ்ச காலம் விலகிப் போய் எல்லாவற்றையும் புதிதாகக் கனவு காண வேண்டியிருக்கிறது என்கிற பொருளில் பேசினார். குழு கலைகிறது என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள்.

கலையவில்லை. பெர்லினுக்குப் போனார்கள்.

*

அதுவும் எப்பேர்ப்பட்ட நாளில்! 1990 அக்டோபர் 3, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகச் சேர்ந்த நாள். அதற்கு முந்தைய இரவு போய் இறங்கினார்கள். ஊரே கொண்டாடுமே, நாமும் கலந்துகொள்வோம் என்று தெருவில் ஒரு ஊர்வலத்தில் சேர்ந்தார்கள். கூட்டத்தில் யார் முகத்திலும் சிரிப்பில்லை. விசாரித்தால், அது சுவர் இடிந்ததை எதிர்த்து நடந்த ஊர்வலம்! மாலை வாங்கிக்கொண்டு தப்பான வீட்டுக்குப் போனது மாதிரி.

பதிவு நடந்த இடம் ஹன்ஸா ஸ்டூடியோ. பெர்லின் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்த கட்டடம். 1977-ல் டேவிட் போவி 'ஹீரோஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்த இடம். அந்தக் காற்று கொஞ்சம் பட்டால் போதும், புதுசாக ஏதாவது பிறக்கும் என்று நம்பித்தான் போனார்கள். பிறந்தது சண்டை.

போனோவுக்கும் எட்ஜுக்கும் புது மோகம். இயந்திரங்களின் இரைச்சலையே இசையாக்கும் ஜெர்மன் குழுக்கள், நடன அரங்குகளின் எலெக்ட்ரானிக் தாளம், ட்ரம் மெஷின். லாரிக்கும் ஆடமுக்கும் தெரிந்தது, நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து வாசிப்பது. அது என்ன தப்பு என்பது அவர்கள் கட்சி.

இந்த இடத்தில் ட்ரம் மெஷின் பற்றி இரண்டு வார்த்தை. பொத்தான்கள் வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். எந்தச் சத்தம் எந்தக் கணத்தில் விழவேண்டும் என்று ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். நிமிஷத்துக்கு 120 அடி என்றால் 120 தான், 119 கிடையாது. கை வலிக்காது, டீ கேட்காது, தீபாவளிக்கு ஊருக்குப் போகாது. இதற்குப் பக்கத்தில் ஒரு ட்ரம்மரை உட்கார வைத்தால் அவருக்கு என்ன தோன்றும்? என் எதிர் வீட்டுப் பையனுக்குத் தோன்றியதுதான்.

லாரிக்கும் தோன்றியது. நோட்டீஸ் ஒட்டி ஆட்களைச் சேர்த்தவர் அவர். அந்தக் குழுவிலேயே தன் இடம் சுருங்குகிறதோ என்ற பயம். போனோவோ, உங்கள் வாசிப்பே போதவில்லை என்று லாரியையும் ஆடமையும் குறை சொன்னார். எட்ஜின் கல்யாண வாழ்க்கை அந்தச் சமயம்தான் முறிந்திருந்தது, மனுஷர் வேலைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். வாரங்கள் ஓடின, ஒரு பாட்டும் உருப்படவில்லை. பதினாலு வருஷ சிநேகிதம், பிரிந்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

*

பிரியவில்லை. காரணம் ஒரு பாட்டு.

'மிஸ்டீரியஸ் வேஸ்' என்று பின்னால் பெயர் வாங்கிய பாட்டுக்கு நடுவில் ஒரு பகுதி சரியாக அமையாமல் இழுத்தது. எட்ஜ் இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார். தயாரிப்பாளர் டேனியல் லான்வா, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வாசியுங்கள் என்றார். வாசித்தார். அறையில் இருந்த நாலு பேரும் தங்கள் தங்கள் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு சேர்ந்துகொள்ள, கொஞ்ச நேரத்தில் வேறொரு பாட்டின் உருவமே வந்துவிட்டது. அதுதான் 'ஒன்'. இன்றைக்கும் அவர்களுடைய பாட்டுகளில் மிகச் சிறந்ததாகப் பலர் சொல்வது அதைத்தான்.

கவனியுங்கள், அந்தப் பாட்டை மெஷின் கொடுக்கவில்லை. மெஷினை வைத்துச் சண்டை போட்ட நாலு பேர் ஒரே அறையில் இருந்ததால் வந்தது. அதே சமயம், பழைய மாதிரியே இருப்போம் என்று டப்ளினில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்காது.

(அது பிரிவையும் மனஸ்தாபத்தையும் பற்றிய பாட்டு. தலைப்பை மட்டும் நம்பி வெளிநாட்டில் கல்யாணங்களில் போடுகிறார்கள். இதில் போனோவுக்கே ஆச்சரியம். கல்யாண வீட்டில் சோகப் பாட்டு போடுவது நம்மூர் சவுண்டு சர்வீஸின் தனிச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

1991-ல் டப்ளின் திரும்பி, கடலோரமாக டால்கி என்ற இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள். நடுவில் பெர்லின் ஒத்திகை டேப்கள் வெளியே கசிந்து, திருட்டுப் பதிப்பாக விற்பனைக்கு வந்துவிட்டன. திருட்டு கேஸட் ஏதோ நமது குடிசைத் தொழில் என்று இனிமேல் யாரும் தலை குனிய வேண்டாம்.

*

இந்தக் கதையில் இன்னொரு முக்கிய ஆசாமி பிரையன் ஈனோ. உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாது என்றால் நீங்கள் தொண்ணூறுகளில் ஆபீஸ் போகவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் 95 கம்ப்யூட்டரைப் போட்டதும் ஆறு செகண்டுக்கு ஒரு தேவலோகச் சத்தம் வருமே, அதைப் போட்டவர் அவர்தான். (அதைத் தான் உருவாக்கியது மேக் கம்ப்யூட்டரில் என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.)

ஈனோ தினமும் ஸ்டூடியோவுக்கு வரமாட்டார். இடைவெளி விட்டு வருவார், பதிவானதைப் புதுக் காதோடு கேட்பார். எங்கெல்லாம் 'பழைய யூ2' வாடை அடிக்கிறதோ, அங்கெல்லாம் வெட்டு. சேர்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களை நமக்குத் தெரியும். எடுப்பதற்குச் சம்பளம் வாங்கியவர் இவர்.

அப்படி வெட்டி ஒட்டி வந்த ஆல்பத்தில் இரண்டு சங்கதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஒன்று, முரட்டு வேகம். கிடார் ஒலியை ஒரு அலையாக நினைத்துக்கொள்ளுங்கள், மேடும் பள்ளமும். ஆம்ப்ளிஃபயர் தாங்கக்கூடியதற்கு மேல் அதற்குள் திணித்தால் மேட்டின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட முனைகளிலிருந்து, முதலில் இல்லாத கூரான சத்தங்கள் கிளம்பும். ஆடி மாசம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரை முழு வால்யூமில் கேட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். கோயிலில் அது தற்செயல், எட்ஜ் அதை அளந்து செய்தார். குரலையும் விட்டுவைக்கவில்லை. முதல் பாட்டில் வந்த டிரங்க் கால் அதன் விளைவுதான்.

இன்னொன்று, சூழ்ந்து நிற்கும் எலெக்ட்ரானிக் ஒலி. ஸிந்தஸைஸரில் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாமல் படர்கிற சத்தங்கள். பேங்க் ஏ.ஸி. மாதிரி. ஓடும்போது இருப்பதே தெரியாது, நின்றால்தான் தெரியும்.

வெறும் முதலாவது என்றால் தலைவலி. வெறும் இரண்டாவது என்றால் தூக்கம். இரண்டையும் ஒரே அறையில் வைத்து, மெஷின் சுழற்றுகிற தாளத்துக்கு மேல் லாரியின் கை விழுகிறது பாருங்கள், அங்கேதான் ஆல்பம் உயிர் பிடிக்கிறது. மெஷின் கணக்குப் பிள்ளை. லாரி அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டே, எங்கே ஓங்கி அடிக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர். சும்மா இருக்க வேண்டிய இடத்தை மெஷினுக்கும் யாராவது ஒரு ஆள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

*

ஆல்பம் அமெரிக்காவில் முதல் இடத்துக்குப் போனது. அந்த ஒரு நாட்டில் மட்டும் 80 லட்சம் பிரதிகளுக்குச் சான்று வாங்கியது. 1992 பிப்ரவரி 29-ல் ஃப்ளோரிடாவின் லேக்லேண்டில் தொடங்கிய கச்சேரிப் பயணத்துக்கு 'ஸூ டி.வி.' என்று பெயர். மேடை முழுக்க டி.வி.க்கள். கிழக்கு ஜெர்மனியின் 'ட்ரபான்ட்' கார்களை மேலே தொங்கவிட்டு, அவற்றுக்குள் விளக்கு போட்டார்கள். அந்தக் காரின் வெளிக்கூடு பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தியது. சுவர் இடிந்த பிறகு அதைச் சீண்ட ஆளில்லை. ஓடாத காருக்குக்கூட உச்சத்தில் ஒரு இடம் கிடைத்தது.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2019 நவம்பரில் ஏ.ஆர். ரஹ்மானும் யூ2-வும் சேர்ந்து 'அஹிம்சா' என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதில் ஒலிப்பது திருக்குறள்! டிசம்பர் 15-ம் தேதி நவி மும்பையில் அவர்களின் முதல் இந்தியக் கச்சேரி. ரஹ்மான் மகள்களோடு மேடையேறினார். கரகரக் கிடாரைக் கேட்டு டேப் ஹெட்டைத் துடைத்த எனக்கு, அதே குழுவின் பாட்டில் வள்ளுவரைக் கேட்க 27 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை எந்த ஸ்க்ரூவையும் தொடவில்லை.

*

கதையின் கடைசி அத்தியாயம் லாஸ் வேகாஸில். 2023 செப்டம்பரில் அங்கே 'ஸ்ஃபியர்' என்ற உருண்டை அரங்கம் திறந்தது. உள்ளே சுவரும் கூரையும் முழுக்க ஒரே திரை. கிட்டத்தட்ட 18,000 பேர் உட்காரலாம். திறப்பு விழாக் கச்சேரியே யூ2-வுடையது. அடுத்த மார்ச் வரை மொத்தம் 40 இரவுகள், 'அக்டுங் பேபி'யை மையமாக வைத்து. உலகத்தில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் அத்தனையும் அந்தக் கூரைக்கு அடியில்.

அந்த 40 இரவுகளிலும் லாரி முல்லன் இல்லை. ஆண்டுக்கணக்காக ட்ரம்ஸ் அடித்ததில் உடம்பு பழுது, ஆபரேஷன், ஓய்வு. மெஷின் அவரைத் துரத்தவில்லை, முதுமையும் உழைப்பும் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்தன. சரி, அவர் நாற்காலியில் யார்?

"ட்ரம் மெஷின்தானே?" என்றான் பையன், தோற்றுப்போன குரலில்.

"இல்லைடா. பிராம் வான் டென் பெர்க்னு ஒரு டச்சுக்கார ட்ரம்மர். மனுஷன்."

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்குப் பெருமிதம். ஒரு உபதேசமும் செய்யாமல் ஒரு இளைஞனைக் கரையேற்றிவிட்டோமே என்று காபியைக் கையில் எடுத்தேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். லாரி மெஷினை உடைக்கவும் இல்லை, அதன் காலில் விழவும் இல்லை. பயந்தார். பயத்தை மறைக்காமல் சண்டை போட்டார். சண்டை போட்டுக்கொண்டே அறையை விட்டு வெளியே போகாமல் இருந்தார். மெஷினால் முடியாதது தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடினார். வெளியே போயிருந்தால் அந்த இடத்துக்கு மெஷின் வந்திருக்குமோ என்னவோ, 'ஒன்' வந்திருக்காது.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு நிதானமாகக் கேட்டான்:

"அங்கிள், அப்ப நாப்பது வருஷம் மாடா உழைச்சிட்டு, ஒரு ஆபரேஷன்னு லீவு போட்டா, மெஷினை வெக்க மாட்டாங்க, இன்னொரு ஆளை வெச்சிடுவாங்க. அதானே சொல்ல வர்றீங்க?"

காபி ஆறிவிட்டது.

வாசல் வரை போனவன் திரும்பி, "அந்த ஆல்பம் பேரு என்ன சொன்னீங்க?" என்றான். சொன்னேன். செல்போனில் தட்டினான். தகர டின்னைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும் சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, போனைத் திருப்பி அதன் ஸ்பீக்கர் ஓட்டையைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான்.